செண்டுமல்லி முளைக்கவில்லையா? விதையைத் திட்டாதீர்கள்

கேள்வி: மூன்று கடையில் விதை வாங்கிப் போட்டுவிட்டேன். பாதிதான் முளைக்கிறது, அதுவும் இரண்டு இலை விட்டதும் நுனி கருகிச் செத்துப்போகிறது. நல்ல விதை எங்கே கிடைக்கும்?
– வாசகி, எர்ணாவூர்

பதில்: மூன்று கடை விதையும் ஒரே மாதிரி சாகிறதென்றால் குற்றம் விதையில் இல்லை, அம்மா. செண்டுமல்லி ஈரம் கண்டால் ஐந்து முதல் ஏழு நாளில் எழுந்து நிற்கிற செடி. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். போர் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறுவது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்ச உறிஞ்ச அது உள்ளே வந்தது. கடலை ஒட்டிய உங்கள் தெருவில் கேட்கவே வேண்டாம். விதை ஊற மண்ணிலிருந்து நீரை இழுக்க வேண்டும்; உப்பு அந்த நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். மண் ஈரமாகத் தெரியும், முளை தாகத்தில் சாகும்.

‘தொட்டியில் நல்ல செம்மண்தானே போட்டேன்’ என்பீர்கள். தண்ணீர் வெயிலில் போய்விடும், அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கும். விளிம்பில் வெள்ளையாகப் படிவது அதுதான். ‘அதே தண்ணீரில் தென்னை காய்க்கிறதே’ என்று வாதிடுகிறவர்களும் உண்டு. தென்னை கடலோரத்து மரம், உப்பைத் தாங்கும். அதை வைத்து நாற்றுக்குக் கணக்குப் போடக் கூடாது. சந்தேகமிருந்தால் ஒரே பாக்கெட் விதையை இரண்டு தட்டில் போட்டு, ஒன்றுக்கு போர் தண்ணீரும் இன்னொன்றுக்கு மெட்ரோ தண்ணீரும் ஊற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் நாலாவது கடைக்குப் போகாதீர்கள்.

குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கிற வீட்டில் பூச்செடிக்கு நல்ல தண்ணீரா என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் நாற்றுத் தட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும். உப்புப் போடாமல் நல்ல தண்ணீரில் அரிசி கழுவிய தண்ணீரே அதற்குச் சரி. அப்படிக் காப்பாற்ற வேண்டியது முதல் நாலு வாரம்தான். அதன் பிறகு மழைத் தண்ணீர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கி இத்தனை ஆண்டுகள் ஆகியும், குழாயைக் குழிக்குள் விட்டதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். பத்துக்குப் பத்தடி மொட்டைமாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 90 லிட்டர் விழுகிறது. முதல் மழையை விட்டுவிடுங்கள், அது கரியையும் தூசியையும் கழுவிக்கொண்டு வரும். அடுத்ததை டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் துணி கட்டி மூடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே ஓடுமளவு ஊற்றினால் தங்கிய உப்பும் கரைந்து போகும்.

கேள்வி: ஆயுதபூஜைக்குப் பூ வேண்டும். எப்போது விதைக்கலாம்?
– வாசகர், ராயபுரம்

பதில்: ஜூலையில். செப்டம்பரில் விதைத்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பலை உரமாகக் கலக்கலாமா? அடுப்புச் சாம்பல் நல்லதென்கிறார்களே?
– வாசகர், அத்திப்பட்டு

பதில்: கூடாது. அது விறகுச் சாம்பல் அல்ல, நிலக்கரிச் சாம்பல். ஆர்சனிக், ஈயம், பாதரசம் எல்லாம் அதில் உண்டு. இலைமேல் படிவதை மட்டும் காலையில் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எங்கள் தோட்டத்தில் புகுந்தது. செண்டுமல்லி மண்ணின் நஞ்சை உறிஞ்சும் என்கிறார்களே, வைக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: பாதி உண்மையை வைத்துக்கொண்டு உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். காட்மியம் போன்ற உலோகத்தை இந்தச் செடி ஓரளவு உறிஞ்சுவது ஆய்வுகளில் கண்டதுதான். எண்ணெய் அப்படிப் போய்விடாது. உலோகத்தை உறிஞ்சினாலும் அது எங்கும் மறைவதில்லை. செடிக்குள் தங்கி, காய்ந்த செடியை நீங்கள் எருக்குழியில் போட்டதும் மண்ணுக்கே திரும்பும். வேரைத் தாக்கும் நூற்புழுவை அடக்க இதை வைத்தால் சரி, அதற்கு நல்ல பலன் உண்டு. மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெயை எர்ணாவூர், திருவொற்றியூர் வீட்டுப் பெண்கள் பூச்செடி வைத்துத் துடைக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சிந்தியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. கறுத்த மேல்மண்ணை அப்புறப்படுத்தித் தரும்படி அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து மாநகராட்சியிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் மனுக் கொடுங்கள். அதுவரை செண்டுமல்லியைப் புது மண்ணில், தொட்டியில் வையுங்கள்.