அலையில்லாக் கடல்

சாமாயிகத்தில் அமரும் இல்லறத்தார் பலர் நம்மிடம் கூறும் குறை ஒன்று உண்டு. கண்ணை மூடியவுடன், பகலெல்லாம் எங்கோ ஒதுங்கியிருந்த கவலைகள் அனைத்தும் அழையா விருந்தாளிகளாய் வந்து அமர்ந்துகொள்கின்றன என்பதே அது. வட்டிக்கு வாங்கிய பணம், மகளுக்கு இன்னும் அமையாத வரன், மருத்துவர் எழுதிக் கொடுத்த பரிசோதனை, பத்தாண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் சொன்ன சுடுசொல் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். 48 நிமிடங்கள் கழித்து எழும்போது மனம் முன்னிலும் கலங்கியிருக்கும். "இதற்கு அமராமலேயே இருந்துவிடலாமே" என்றார் ஒரு சகோதரி. நேர்மையான கேள்வி. கடிந்துகொள்வதில் பயனில்லை, விடை காண முயல்வதே முறை.

இந்நிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஆர்த்த தியானம். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் இதனை நால்வகையாகப் பிரித்துள்ளார். வேண்டாதது வந்து சேர்ந்ததால் எழும் சிந்தனை, வேண்டியது பிரிந்ததால் எழும் சிந்தனை, நோயின் வேதனையையே நினைந்திருத்தல், வருங்காலப் போகங்களை நாடி ஏங்கும் நிதானம் என்பன அவை. இவ்விடத்தில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கவலையை அவர் தியானமின்மை என்று கூறவில்லை. அதையும் தியானம் என்றே கூறுகிறார். உண்மைதானே! கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பதையும், அவர் முகத்தையும், குரலையும், பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பதையும் நள்ளிரவில் பாயில் படுத்தபடியே நாம் எவ்வளவு தெளிவாகக் காண்கிறோம்! மனத்தை ஒருமுகப்படுத்தத் தெரியவில்லை என்பவர், தகாத படம் ஒன்றின் முன் மிக நன்றாக ஒருமுகப்பட்டு அமர்ந்திருக்கிறார்.

அப்படத்தைக் கிழித்தெறிய முயன்றால் கிழியாது. அமெரிக்க உளவியல் அறிஞர் டேனியல் வெக்னரும் உடன் ஆய்ந்தோரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதிருக்கச் சொன்னார்கள். நினைவு வந்தால் மணியடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதன்பின் நினைக்கலாம் என்று விட்டபோது, முன்னர் அடக்கியவர்களுக்கே கரடி மிகுதியாக வந்தது. நம் ஆசாரியர்கள் இவ்வழியில் செல்லவே இல்லை. 'நினையாதே' என்று அவர்கள் கூறவில்லை. 'இதனை நினை' என்று வேறொரு படத்தைக் கையில் கொடுத்தார்கள்.

அப்படம் சுபசந்திராசாரியாரின் ஞானார்ணவத்தில் உள்ளது. ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டின் நூல். பெயருக்கே 'ஞானக் கடல்' என்பது பொருள். சுவேதாம்பர மரபின் ஏமச்சந்திராசாரியாரும் 12-ஆம் நூற்றாண்டில் தம் யோக சாத்திரத்தில் இதனை எடுத்தோதியுள்ளார். பிண்டஸ்த தியானம் எனப்படும் இதில் பார்த்திவீ, ஆக்னேயீ, மாருதீ, வாருணீ, தத்துவரூபவதீ என ஐந்து தாரணைகள் உள. முதலாவதாகிய பார்த்திவீ தாரணையில், மத்திய லோகம் முழுவதையும் ஒரு பாற்கடலாகக் காண வேண்டும். அக்கடலில் அலையில்லை, ஓசையில்லை. அதன் நடுவே சம்புத் தீவத்தின் அளவாகிய ஒரு லட்சம் யோசனை அகன்ற பொற்றாமரை, ஆயிரம் இதழ்களுடன் விரிந்திருக்கிறது. அதன் பொகுட்டு மேருமலை போல் உயர்ந்து நிற்கிறது. பொகுட்டின் மேல் சரற்கால நிலவு போன்ற வெண்ணிற அரியணை. அதில் தாமே அமைதியாக அமர்ந்திருப்பதாகக் காண வேண்டும்.

இங்கேதான் நம்மவர்க்கு இடர் வருகிறது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிராவகர்களுக்குக் கடல் என்றால் சென்னைக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அது முழங்கும், புரளும். அலையில்லாக் கடல் என்றால் மனம் எதைப் பற்றும்? அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியின் முதற்பாடம். அறிந்த பொருள் ஒன்று கையில் இல்லாமல் பாற்கடலுக்குத் தாவினால் பாடம் நிலைக்காது.

அந்த அறிந்த பொருள் நமக்குக் கிடைத்த இடம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடி. பயிற்சிப் பள்ளியில் உடன் பயின்ற தோழியார் ஒருவர் அவ்வூரினர். பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த நீர் அது. இலங்கைத் தீவு ஒருபுறம் அரணாக நிற்பதால் பேரலை எழுவதில்லை. இராமேசுவரத்தார் அவ்விரிகுடாவின் நீரைப் பெண்கடல் என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் வழங்குவர். வாடைக் காலத்தில் பெண்கடலும் சீறும். ஆனால் காற்றடங்கிய பங்குனி மாத விடியலில் அது ஏரி போலக் கிடக்கும். வானும் நீரும் ஒரே வெண்மையாய் இருக்க, எல்லைக் கோடே கண்ணுக்குத் தெரியாது. வலை உலரும் கரையில் நின்று நம் சமயத்தார் தியானத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கூசலாம். நமக்கும் கூச்சம் இருந்தது. நெஞ்சிற்குள் கொண்டு வந்தது கரையையன்று, அந்த வெண்மையை மட்டுமே.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல் அப்பகுதியின் தென்னைகளை அடியோடு சாய்த்தது. தோழியாரின் தோப்பும் போயிற்று. நெட்டைத் தென்னை பலன் தர ஐந்தாறு ஆண்டுகளேனும் ஆகும். எழுபதை நெருங்கும் வயதில் அந்தக் கணக்கு எளிதன்று. சில மாதங்கள் கழித்து நாம் சென்றபோது, பொழுது சாயுமுன் நமக்கு உணவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்தார். கண்ணை மூடினால் மரங்கள் வரிசையாக விழுகின்றன என்றார். அவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் விடியலில் கடலைக் காட்டி முதல் தாரணையைச் சொன்னோம். மரம் விழுவதைத் தடுக்க வேண்டாம், விழட்டும், விழுந்தபின் இக்கடலுக்குத் திரும்புங்கள் என்றோம். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடல் வந்தது டீச்சர். நீங்கள் நெருப்பு ஒன்று உண்டு என்றீர்களே, அதில் எங்களுக்குக் கடன் கொடுத்தவனை வைத்துக் கொளுத்திவிட்டேன்."

பிழை நம்முடையதே, அரைகுறையாகச் சொல்லியிருந்தோம். பிறரை எரிப்பதாகக் காண்பது ரௌத்திர தியானம், ஆர்த்தத்தினும் கொடியது. ஆக்னேயீ தாரணையில் எரிவது வேறு. நாபியில் 16 இதழ்த் தாமரை. இதழ்தோறும் ஒரு வடமொழி உயிரெழுத்து. நடுவில் 'அர்ஹம்' என்னும் மந்திரம். அதற்கு மேலே இதயத்தில் எட்டிதழ்த் தாமரை ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. ஞானாவரணீயம் முதல் அந்தராயம் வரையிலான எண்வினைகளே அவ்விதழ்கள். மந்திரத்தின் ரேபத்திலிருந்து முதலில் மெல்லிய புகை எழும், பிறகு பொறி, பிறகு சுடர். அது கவிழ்ந்த தாமரையை எரித்து, பின்னர் உடலையும் எரித்து, எரிப்பதற்கு வேறு ஒன்றும் இல்லாமையால் தானே அவியும். எவரும் அதனை அணைப்பதில்லை. நம் வெகுளி அவியாதிருப்பதற்குக் காரணம், நாமே விறகு இட்டுக்கொண்டிருப்பதன்றோ!

அதன்பின் மாருதீயில் பெருங்காற்று வந்து சாம்பலை வாரிச் செல்லும். வாருணீயில் மேகம் திரண்டு மழை பொழிந்து, ஒட்டியிருந்த மாசையும் கழுவும். தத்துவரூபவதீயில் ஏழு தாதுக்களும் நீங்கிய ஆன்மா முழுமதி போல் விளங்கும். இவ்வரிசையை மாற்றலாகாது. கடலில் அமர்ந்து குளிராத மனம் நெருப்பிற்குச் சென்றால் என்ன ஆகும் என்பதைத் தோழியாரே காட்டிவிட்டார். இல்லறத்தார் பல மாதங்கள் முதல் தாரணையிலேயே தங்குவதில் குறைவில்லை என்பது நம் எண்ணம்.

தாமரை மனத்தில் எழவில்லை என்போர், அதே மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசலுக்கு ஒருமுறை குழந்தைகளுடன் சென்று வருக. மேலே ஏழடிப்பட்டத்துக் குகையில் முனிவர்கள் கிடந்த 17 கற்படுக்கைகள் உள்ளன. அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீனும் பறவையும் யானையும் எருமையும் பூக்கொய்வோரும் நிறைந்த அக்குளத்தைச் சமவசரணத்தின் ஒரு பகுதி என்பர் அறிஞர். நிறம் மங்கியிருப்பினும் இலையின் பசுமை கண்ணில் நிற்கும். தியானத்திற்குத் துணையாக அது தீட்டப்பட்டது என்று நாம் துணிந்து கூறவில்லை. நமக்குத் துணையாயிற்று, அவ்வளவே.

எவ்வளவு முயன்றும் மனக்கண்ணில் எந்தப் படமும் தோன்றாதவர்களும் சிலர் உளர். ஆடம் செமன் என்னும் பிரிட்டன் நாட்டு நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும் 2015-இல் இந்நிலைக்கு ஒரு பெயரும் இட்டனர். அது நோயன்று. அத்தகையோர் பதஸ்த தியானத்தைக் கொள்ளலாம். பஞ்ச நமஸ்காரத்தின் எழுத்துகளை ஒவ்வொன்றாக உள்ளே ஒலிக்கவிட்டால் போதும். பல நாள் உறக்கமின்றி, உண்ண மனமின்றி, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுவோரைத் தாரணை செய் என்று தனியே அமர வைத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

கால அளவு பற்றியும் பலர் வருந்துகின்றனர். உறுதி மிக்க உடலமைப்பு உடையோர்க்கே ஒரு முகூர்த்தத்திற்குள்தான் சிந்தை ஒருமுனையில் நிற்கும் என்கிறது சூத்திரம். நமக்கு ஐந்து நிமிடம் நின்றால் அது சிறிதன்று.

தோழியார் அன்றைய தினமே வங்கிக்குச் சென்று கடன் தவணை பற்றிப் பேசிவிட்டு வந்தார். தாரணை அந்த வேலையைச் செய்து தராது. புதிய கன்றுகளும் வைத்தார். இப்போதும் தொலைபேசியில் பேசும்போது விசாரிப்போம். கடல் நாள்தோறும் வருகிறது, தாமரைதான் இன்னும் மொட்டாகவே இருக்கிறது என்கிறார்.