சின்னான் வர என்ன நடலாம்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 15 அடி இடம் இருக்கிறது. பறவைகள் வர என்ன செடி வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் ஒரு கறிவேப்பிலை. குழம்புக்குப் பறிப்பதோடு நிற்காமல், ஒரு கிளையையாவது காய்க்க விடுங்கள். கொத்துக் கொத்தாகக் காய் கறுத்ததும் சின்னானும் குயிலும் தேடி வரும்.

நிழலும் வேண்டுமென்றால் தேன்பழ மரம். சில ஊர்களில் சர்க்கரைப்பழம் என்பார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. மளமளவென்று வளரும், ஆண்டு முழுக்கப் பழுக்கும். பகலில் குக்குறுவான், இரவில் வௌவால். கிளை அகலமாகப் படரும், பழம் தரையெல்லாம் உதிரும். அதனால் துணி காயப்போடும் இடத்திலிருந்து தள்ளி நடுங்கள்.

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி. அடுக்குச் செம்பருத்தியைவிட ஐந்து இதழ் ஒற்றைச் செம்பருத்தியே நல்லது என்பேன். காலையில் நின்று பாருங்கள்: சிட்டு பல நேரம் பூவின் வாய்ப்பக்கம் போகாது. காம்போரம் தொற்றிக்கொண்டு, அலகால் அடிப்பக்கத்தைக் குத்தித் தேனை உறிஞ்சும். பக்கத்தில் இட்லிப்பூவும் இருக்கட்டும்.

உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். பழத்தைத் தின்னும் பறவைகளே விதையைப் பரப்பிவிடும். முதுமலைக் காட்டை அது எப்படி அடைத்திருக்கிறதென்று பார்த்தால் மனம் பதறும்.

பூச்சிமருந்தும் கூடாது. தேன் குடிக்கும் சிட்டுகூடக் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டுகிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கிளை கவாத்து செய்யுமுன் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.