எட்டு மணி நேரம் எங்கே போனது? டைம்ஷீட் போட ஆறு படிகள்

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக, 1937இல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. 

ஆலையில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. லேப்டாப்பில் வேலை பார்க்கும் குழுவுக்குச் சங்கு ஏது? எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்பதை ஜோஹோ புராஜெக்ட்ஸ், ஜிரா, ரெட்மைன் போன்ற மென்பொருட்களின் பதிவுதான் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு பொய்க்கணக்காகாமல் இருக்கச் சில ஏற்பாடுகள் தேவை.

1. நாட்காட்டியைத் திருத்துங்கள்

காரைக்காலில் இயங்கும் ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. சுற்றியிருப்பவை தமிழ்நாட்டு மாவட்டங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரி அரசின் விடுமுறை நாட்கள். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டு நாகூருக்குப் போனால் அப்படியில்லை. காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் வழக்கம். குழுவில் ஒருவர் காரைக்காலிலும் இன்னொருவர் நாகையிலும் இருந்தால், யாருக்கு எது விடுமுறை என்பதை முதலிலேயே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் விடுமுறையில் இருந்தவர் அறிக்கையில் வேலை செய்யாதவராகத் தெரிவார்.

வேலை நேர அமைப்பையும் பாருங்கள். ஜிராவில் ஒரு நாள் என்றால் 8 மணி நேரம், ஒரு வாரம் என்றால் 5 நாள் என்றே முதலில் அமைந்திருக்கும். சனிக்கிழமையும் வேலை செய்யும் குழு அதை மாற்றாமல் ‘ஒரு வாரம்’ என்று மதிப்பிட்டால், மென்பொருள் 48 மணி நேரத்துக்குப் பதில் 40 என்றே எடுத்துக்கொள்ளும்.

2. வேலையைச் சின்னதாக உடையுங்கள்

‘இணையதளம் தயாரித்தல்’ என்ற ஒரே டாஸ்க்கில் 90 மணி நேரம் ஏறினால், அதிலிருந்து யாருக்கும் எதுவும் புரியாது. முகப்புப் பக்கம், பணம் செலுத்தும் பகுதி, சோதனை என்று பிரியுங்கள். ஒரு டாஸ்க் ஓரிரு நாளில் முடிவதாக இருந்தால் நல்லது. மீட்டிங்குக்கும் தனி டாஸ்க் வையுங்கள். அந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும்.

3. தொடங்கும் முன்பே மதிப்பிடுங்கள்

அந்த வேலையைச் செய்யப்போகிறவரே மணி நேரத்தைச் சொல்லட்டும். வேலை முடிந்த பிறகு எழுதும் மதிப்பீட்டால் பயனில்லை.

4. அன்றன்றே பதியுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாள் கணக்கையும் சேர்த்து எழுதினால் அது பெரும்பாலும் ஊகமாகவே இருக்கும். டைமர் போடலாம், கையாலும் நிரப்பலாம். டைமர் போடுகிறவர் சாப்பிடப் போகும்போது நிறுத்த மறந்தால், அன்றே நேரத்தைக் குறைத்துவிட வேண்டும். ‘வேலை பார்த்தேன்’ என்று குறிப்பு எழுதுவதைவிட ‘பில் அச்சாகாத பிழை சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவது பிற்பாடு உதவும். வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக்கூடிய நேரத்தையும் வாங்க முடியாத நேரத்தையும் ஜோஹோவில் பிரித்துக் குறிக்கலாம்.

5. வாரம் ஒருமுறை ஒப்புதல்

குழுத் தலைவர் நாள் குறித்துக்கொண்டு பதிவுகளைப் பார்க்கட்டும். சந்தேகமுள்ள பதிவைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். தானே திருத்தக் கூடாது. ஒருவர் வாரம் தவறாமல் 48 மணி நேரத்தைத் தாண்டுகிறாரா? பாராட்டுவதற்கு முன் அவருடைய வேலையைப் பங்கிட்டுக் கொடுங்கள்.

6. மதிப்பீட்டையும் பதிவையும் ஒப்பிடுங்கள்

மொத்தப் பயனே இங்கேதான். பணம் செலுத்தும் பகுதிக்கு 12 மணி நேரம் மதிப்பிட்டு 18 ஆனது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 6 மணி நேரத்தில் 4 மணி நேரம், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் கேட்ட மாற்றத்துக்குப் போயிருக்கலாம். குறிப்புகள் இருந்தால் இது தெரியவரும். அடுத்த ஒப்பந்தத்தில் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம் கேட்க ஆதாரமாகும். ரெட்மைனில் செலவான நேரத்தை ஆள்வாரியாகவும் வேலை வகைவாரியாகவும் பிரித்துப் பார்க்கலாம். ஆள்வாரிப் பட்டியலை வைத்து யார் அதிகம் உழைத்தார் என்று தரவரிசை போட்டால், மறுவாரமே எல்லோருடைய கணக்கும் ஊதிப் பெருகும்.

எல்லாத் திட்டத்திலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு திட்டத்தில் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். அறிக்கை மேலாளருக்கு மட்டுமல்லாமல், நேரத்தைப் பதிந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்படி அனுமதி கொடுங்கள்.