பாகம் பிரிந்தால் சொத்து பரவுமா?

தலைமுறைதோறும் பாகப்பிரிவினை நடப்பதால் பெருநிலங்கள் தாமாகவே துண்டாகி, காலப்போக்கில் சொத்து எல்லாரிடமும் பரவிவிடும் என்பது அகரம், தாடிக்கொம்பு போன்ற திண்டுக்கல் சமவெளி ஊர்களிலும் நிலவும் நம்பிக்கை. நிலம் துண்டாவது உண்மைதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆனால் பாகப்பிரிவினை நிலமுள்ள குடும்பத்துக்குள்ளேயே நிலத்தைப் பங்கிடுகிறது. கூலிக் குடும்பத்துக்கு அதனால் ஒரு சென்ட்டும் சேர்வதில்லை. எட்டு ஏக்கர் கிணற்றுப் பாசனத் தோட்டம் பேரன்மார் காலத்தில் தலைக்கு இரண்டு ஏக்கராகும்போது, பத்திரத்தில் 'கிணற்றில் நாலில் ஒரு பாகம்' என்று எழுதப்படும் உரிமை, நாலு நாளைக்கு ஒரு முறை மோட்டார் ஓட்டும் உரிமையாகச் சுருங்குகிறது. அந்தத் தண்ணீரில் விளைவது வீட்டுச் செலவுக்கே பற்றாமல், தனியாக ஆழ்துளைக் கிணறு போடக் கடன்பட்டு, கடனுக்காக நிலத்தை விற்க நேர்ந்தால், அதை வாங்குபவர் கைமுதல் உள்ளவரே. மூலதனம், அதாவது மேலும் வருவாய் ஈட்டித் தரும் சொத்து, பிரிந்த வேகத்திலேயே மறுபடி ஒரு கையில் திரள்வது இப்படித்தான்.

நில உச்சவரம்புச் சட்டம் இதைச் சரிசெய்துவிட்டது என்பது இன்னொரு நம்பிக்கை. 1961இல் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்றும், 1970இல் 15 என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. தர ஏக்கர் என்பது நிலத்தின் தீர்வையை வைத்துக் கணக்கிடும் அளவு. தீர்வை மிகக் குறைந்த புஞ்சையில் நாலு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு தர ஏக்கர் என்பதால், வானம் பார்த்த பூமியில் 60 ஏக்கர் வைத்திருப்பவரும் வரம்பை மீறியவர் ஆகமாட்டார். நிலமற்றவரிடம் நிலம் போய்ச் சேரத் தனி முயற்சி தேவைப்பட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், கணவர் ஜெகந்நாதனுடன் 1981இல் தொடங்கிய 'லாப்டி' என்ற உழுபவனின் நில உரிமை இயக்கம், கீழத்தஞ்சையில் நிலக்காரர்களிடம் பேசி, விலை கொடுத்து நிலத்தை வாங்கி, தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தது. பெண்களின் பெயரில் என்பதே அதன் பெரும் பலம்.

பரம்பரைச் சொத்துக்கு வரி என்பது இந்தியாவுக்கு அந்நியமானது என்று சொல்வதும் சரியன்று. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதான வரி 1953 முதல் 1985 வரை இங்கே நடைமுறையில் இருந்தது. 1957இல் வந்த செல்வ வரி 2015 வரவு செலவுத் திட்டத்தில் கைவிடப்பட்டது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் மதிப்பீட்டில், 2022-23இல் நாட்டின் செல்வத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது. அந்தச் செல்வம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது அதன்மீது விதிக்க இன்று வாரிசு வரி எதுவும் இல்லை.