நிழலில் மலர்வன

வீட்டின் முன் நின்ற வேப்பமரத்தை ஏன் வெட்டினீர்கள் என்று வினவினால், “அதன் அடியில் ஒரு பூச்செடியும் வளரவில்லை” என்னும் விடையைச் சிலரிடம் கேட்கலாம். ரோஜாவையும் காகிதப்பூவையும் மர நிழலில் நட்டு, அவை பூக்காத பழியை மரத்தின்மேல் ஏற்றிவிடுகிறோம். முப்பது ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பகலில் சாய்ந்துவிடுகிறது. அங்கு நடத்தக்க செடி எது என்று முன்பே கேட்டிருந்தால் அம்மரம் பிழைத்திருக்கும்.

செடிக்குப் பூ என்பது ஒரு செலவு. ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் உணவில், சுவாசத்திற்கும் வளர்ச்சிக்கும் போக எஞ்சுவதே மொட்டாகிறது. வெயிலுக்குப் பழகிய செடிக்கு நிழலில் அந்த மிச்சம் இல்லை. ஒளியைத் தேடித் தண்டை நீட்டி, வெளிறிச் சாய்கிறது. காட்டு மரங்களின் அடியில் வாழப் பழகிய செடிகளோ, அகன்ற மெல்லிய இலைகளை விரித்துக் குறைந்த ஒளியிலும் உணவைச் சேமித்துப் பூக்கின்றன.

அத்தகைய செடிகளைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாகச் சூடிவரும் கனகாம்பரம் அரைநிழலை விரும்புவது. மணமில்லாக் குறையை நிறத்தால் ஈடுசெய்யும் மலர் அது. அதன் முற்றிய காய் நீர் பட்டதும் வெடித்து விதைகளைச் சிதறும். டெல்லிக் கனகாம்பரம் என வழங்கும் வகை விதை பிடிப்பதில்லை. தண்டை நறுக்கியே நட வேண்டும். காசித்தும்பையின் இனத்தைச் சேர்ந்த செடிகள் பல, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரநிழலில் இயல்பாக வளர்கின்றன. அவற்றின் நீர் நிறைந்த தண்டுகள் உச்சி வெயிலில் துவண்டுவிடும். பூவே அரிதாகும் அடர்நிழலில் கேலேடியம், கோலியஸ் போன்றவற்றின் வண்ண இலைகளே பூவின் பணியைச் செய்துவிடும்.

நிழல் எல்லாம் ஒன்றன்று. வேம்பின் சிற்றிலைகளூடே வெயில் புள்ளிபுள்ளியாய் இறங்கும். மாமரத்தின் அடியிலோ இருள் கவிந்திருக்கும். கட்டட நிழலை அறிவதில் இன்னும் கவனம் வேண்டும். வடக்குச் சுவரின் ஓரம் ஆண்டு முழுதும் நிழல் என்று குளிர்நாட்டுத் தோட்ட நூல்களைப் பார்த்து நம்புவோர் ஏமாறுவர். சென்னையில் ஏப்ரல் இறுதி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகற் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். இடைப்பட்ட காலத்தில் அவன் உச்சிக்கு வடக்கே இருப்பதால், மார்கழியில் குளிர்ந்து கிடந்த அதே சுவரோரம் கத்திரி வெயிலில் காய்கிறது. அங்கு வைத்த காசித்தும்பை கருகினால் வியப்பதற்கில்லை. இத்தகைய இடத்தில் தொட்டியே நல்லது. வெயில் திரும்பும்போது செடியையும் நகர்த்திவிடலாம்.

நீர் பாய்ச்சுவதிலும் இதே வேறுபாடு உண்டு. சுவர் நிழலில் மண் மெல்லக் காய்வதால், நாள்தோறும் ஊற்றும் நீர் வேரை அழுகச் செய்யும். விரல் ஒரு கணு ஆழம் புதையுமளவு மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் ஊற்றுக. மரத்தடியில் நிலைமை நேர்மாறு. மழைநீரில் ஒரு பகுதியை மேற்கவிகையே தாங்கிக்கொள்ள, விழுந்த நீரை மரத்தின் வேர்கள் முந்திக்கொள்ளும். செடிக்கு இடம் வேண்டி அவ்வேர்களை வெட்டுவதும், அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிப்பதும் மரத்திற்கே கேடாகும். உதிர்ந்த சருகுகளைப் பெருக்கித் தள்ளாமல் மூடாக்காக விடுவதே போதும். ஈரமும் நிற்கும், மட்கி எருவுமாகும்.

நிறத்தைத் தேரும்போது கண்ணின் இயல்பையும் நினைக்க வேண்டும். ஒளி மங்கும்போது முதலில் கருத்துத் தோன்றுவது சிவப்பே. கடையில் கண்ணைப் பறித்த அடர்சிவப்பு மலர், மாலையில் மரத்தடியில் இருந்த இடம் தெரியாது போகும். வெள்ளையும் இளஞ்சிவப்பும் அந்தி சாய்ந்த பின்னரும் வாயிலிலிருந்தே தெரியும்.