தாழ்வு மண்டலம் குறைய, பெருமழை கூடுவதேன்?

கேள்வி: வங்கக்கடலில் பருவமழைக்காலத் தாழ்வு மண்டலங்கள் குறைந்துவிட்டனவாம். பிறகு மத்திய இந்தியாவில் வெள்ளம் மட்டும் ஏன் பெருகுகிறது?

பதில்: முரணாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மை. தாழ்வு மண்டலங்கள் குறைந்தன. வலுக்குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளோ கூடின. அவற்றுக்குத் தீனி போடுவது சூடேறிய அரபிக்கடல். வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரப்பதத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை மேற்குக்காற்று திடீர் வீச்சாக உள்நாட்டுக்குள் தள்ளும்போது, இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டுகிறது. 1950–2015 காலத்தில் மத்திய இந்தியாவில் பரவலான அதிகனமழை நிகழ்வுகள் மும்மடங்காயின என்கிறது காலநிலை விஞ்ஞானி ராக்ஸி குழுவின் 2017 ஆய்வு. எனக்குப் பெருங்கவலை தருவது இன்னொன்று: மிதமான மழை நாட்கள் குறைகின்றன. மண்ணில் இறங்கிக் கிணற்றை நிரப்புவது அந்த மழைதான்.