கணினி மின்வழங்கியின் தரம் அறிவோம்

'அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்பது முன்னோர் மொழி. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் இது பொருந்தும். வெளித் தகரம் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும்; தரம் உள்ளே இருக்கிறது.

இப்பெட்டியின் பணி யாது? 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றுவதே. அதன் உள்ளுறுப்புகளுள் நான்கினை நாம் கவனிக்க வேண்டும்.

1. வடிகட்டி: மின்கம்பியில் வரும் இரைச்சலைத் தடுக்கும் கம்பிச்சுருள்களும் சிறு மின்தேக்கிகளும் இவை. மலிவான பெட்டிகளில் இவற்றின் இடம் வெறுமையாகவே இருக்கும்.

2. மின்தேக்கி (கெப்பாசிட்டர்): இதன் மேல் 85 அல்லது 105 பாகை என்று அச்சிட்டிருப்பார்கள். வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் இதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். இரண்டும் 2,000 மணி நேர ஆயுள் குறிக்கப்பட்டவை என்று கொள்வோம். 65 பாகை வெப்பத்தில் முதல்வகை 8,000 மணி நேரமும், இரண்டாம் வகை 32,000 மணி நேரமும் உழைக்கும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனில், 1,000 நாட்களும் 4,000 நாட்களும் ஆகும்!

3. அலுமினியத் தகடு: வெப்பத்தை வெளியேற்றுவது. மெல்லியதாயின் பயன் குறைவு. செந்துறை போன்ற கோடை வெப்பமும் தூசியும் மிகுந்த ஊர்களில் இதனைச் சிறிதும் அலட்சியம் செய்யலாகாது.

4. இடைவெளி: உயர் அழுத்தப் பகுதிக்கும் தாழ் அழுத்தப் பகுதிக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். இல்லையேல் கணினியைத் தொடும் சிறுமியின் உயிருக்கே ஆபத்து.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. கணினியின் தாய்ப்பலகையில் இருந்த மின்தேக்கிகள் உப்பிப் பழுதானதால், 2005-ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

பெட்டியைத் திறக்காமலே சிலவற்றை அறியலாம். கையில் தூக்கினால் மிக இலேசாக இருக்கிறதா? கணினியை அணைத்துப் பிளக்கைக் கழற்றியபின், விசிறித் துளை வழியே டார்ச் அடித்துப் பார்த்தால் உப்பிய மின்தேக்கிகள் தெரிகின்றனவா? '450 வாட்' என்ற பெட்டியின் சீட்டில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர் மட்டும் இருந்தால், முக்கியமான அவ்வழியில் கிடைப்பது 216 வாட்தான். 2004-இல் தோன்றிய '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தைக் காட்டும். உறுப்புகளின் ஆயுளுக்கு அது உறுதிமொழி அன்று.

எச்சரிக்கை! பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய மின்தேக்கியில் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ஆகவே பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவர் பணி; மாணவியர் ஒருபோதும் முயலலாகாது. மூன்றாம் முனையான எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் கணினியைப் பொருத்துவதும் தவறு.

தோழியரே! வெள்ளையடித்த கல்லறைகளைச் சுட்டி நம் ஆண்டவர் எச்சரித்ததை அறிவோம். சில நூறு ரூபாய் மிச்சம் என்று உள்ளீடற்ற பொருளை வாங்காமல், உள்ளே இருப்பதைக் கேட்டறிந்து வாங்குமாறு நம் பெற்றோருக்கும் எடுத்துரைப்போம்.